டிக் சாரின் கறுப்புத் திரை

டிக் சாருக்கு வீட்டில் வைத்த பெயர் எங்கள் அலுவலகத்தில் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். டிக் என்பது ஒரு கட்டளை. கறுப்புத் திரையில் அதை அடித்து ஒரு வலைத்தளத்தின் பெயரைக் கொடுத்தால், பெயர் சர்வரிடம் கேட்டு அதன் எண் முகவரியைக் கொண்டுவரும். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் மனிதர் முதலில் அதைத்தான் அடிப்பார். வீட்டிலும் இதே பந்தாதான். "நெட் போச்சுன்னா நாலு வரி அடிச்சுட்டு, நம்ம பக்கம் தப்பில்லைன்னு சொல்லிட்டுப் படுத்துடுவார்" என்று அவர் மனைவியே என்னிடம் புலம்பியிருக்கிறார்.

பிங் என்று இன்னொரு கட்டளை உண்டு. கணினி உண்மையில் எந்த முகவரிக்குப் போகிறது என்று காட்டிவிடும். அதை அவர் தொடமாட்டார். "அதெல்லாம் கத்துக்குட்டிங்க அடிக்கறது" என்பார்.

சென்ற மாதம் எங்கள் வலைத்தளத்தைப் புது சர்வருக்கு மாற்றியது என் பக்கத்து மேசை அக்கா. பத்து வருஷம் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர். அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று மேனேஜர் அந்த வார வெள்ளிக்கிழமை முடிவு செய்ய வேண்டும்.

வியாழக்கிழமை டிக் சார் தன் கணினியில் தளத்தைத் திறந்தார். பழைய பக்கம் வந்தது. டிக் அடித்தார். புது எண் வந்தது.

"எண் புதுசு, பக்கம் பழசு. புது சர்வர்ல பழைய பக்கத்தையே ஏத்தியிருக்காங்க!"

"எனக்குப் புதுசுதானே சார் வருது?" என்றார் அக்கா.

"உங்க மெஷின்ல ஏதாவது தில்லுமுல்லு பண்ணி வெச்சிருப்பீங்க."

அலுவலகம் முழுக்க மெயில் அனுப்பினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைக் கண்டாலே மேனேஜருக்குக் கைகள் தானாகக் கட்டிக்கொள்ளும். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். என் கணினியிலும் புதுப் பக்கம்தான் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அக்கா மேனேஜரைக் கையோடு, வரிசையில் மூன்றாவதாக இருக்கும் டிக் சாரின் மேசைக்கு அழைத்து வந்தார். "ஒரே ஒரு பிங் அடிங்க சார்."

டிக் சார் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடித்தார். பழைய எண் வந்தது.

"டிக் நேரா பெயர் சர்வரைத்தான் கேட்கும். ஆனா உங்க கணினி அதுக்கு முன்னாடி, தளத்தோட பெயரையும் எண்ணையும் நாமே எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் தன்கிட்டயே பார்க்கும். அதைத் திறங்க."

திறந்தார். எங்கள் தளத்தின் பெயரும் பழைய எண்ணும் ஒரே வரியில் இருந்தன. மேலே மூன்று வருஷத்துக்கு முன் அவரே எழுதிய குறிப்பு: "சோதனைக்கு மட்டும். நாளை நீக்கவும்."

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மேனேஜர் அக்காவின் நிரந்தர உத்தரவில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "எல்லாருக்கும் திருத்தம் அனுப்புங்க சார்" என்று டிக் சாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மன்னிப்பு என்ற சொல்லே இல்லாமல் ஒரு மெயில் வந்தது: "தொழில்நுட்பக் கோளாறு ஒன்று சரிசெய்யப்பட்டது."

அக்கா எல்லோருக்கும் பதில் போட்டார்: "சரியாகவில்லை. கோளாறு இன்னும் மூன்றாவது மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறது."