வாய் திறக்காத ஜெபம்

நான் தனியாக ஒருமுறைகூட ஜெபித்ததில்லை.

நம்ப முடியவில்லையா? என்னைத் தெரிந்தவர்களாலும் நம்ப முடியாது! ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையார் யார் வீட்டில் பால் காய்ச்சினாலும், யார் பிள்ளை பட்டாளத்துக்குக் கிளம்பினாலும், யார் படுக்கையில் விழுந்தாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். "தேவராஜ் அண்ணன் வரட்டும், ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்பார்கள். தினமும் விபூதி பூசும் எதிர்வீட்டுக்காரர்கூட, "உங்க சாமிகிட்ட எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்.

சொல்வேன். கண்களை மூடினால் போதும், வார்த்தைகள் மடை திறந்து வரும். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டும், எங்கே ஒரு கணம் நிறுத்தினால் கேட்பவர்கள் விம்முவார்கள்... எல்லாம் எனக்கு அத்துப்படி.

ஆனால் கேட்க ஆள் இல்லாத இடத்தில், என் அறைக்குள், நானும் ஆண்டவரும் மட்டுமாக? ஒருநாளும் இல்லை. முழங்கால் போட்டதுண்டு. போட்டுவிட்டு எழுந்ததுண்டு. அவ்வளவுதான்.

என் அப்பா உபதேசியார். போதகர் வர முடியாத கிராமங்களில் சபையைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. நான் சின்னப் பையனாக இருந்தபோது கூமாப்பட்டியில் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். முடிக்கும்போது, "இன்னைக்கு என் மகன் ஜெபிப்பான்" என்றார். கண்களை மூடிக்கொண்டு, அதுவரை காதில் விழுந்ததையெல்லாம் கொட்டினேன். கண் திறந்து பார்த்தால், பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அப்பாவின் முகம் பூரித்துக் கிடந்தது. அன்று முதல் நான் பேசியதெல்லாம் அந்த முகங்களிடம்தான்.

அப்பா தனியாக ஜெபிப்பதையும் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பல் துலக்கியபடியே, "இன்னைக்கும் நீருதான் பாத்துக்கிடணும், என்னால ஏலாது" என்று முணுமுணுப்பார். அழகான வார்த்தை ஒன்றுகூட இருக்காது. இதெல்லாம் ஒரு ஜெபமா என்று மனசுக்குள் சிரித்தவன் நான். அப்பா போனபின் அவர் வீடு எனக்கு வந்தது, வேதாகமம் வந்தது, குரலும் வந்தது. அவர் யாரோடு பேசினாரோ, அவர் மட்டும் வரவில்லை.

நம்பிக்கை என்பது குடும்பச் சொத்து, பிறந்தவுடனே பங்கு விழுந்துவிடும் என்றுதான் பாதி வாழ்நாள் வரை எண்ணியிருந்தேன். நீங்களும் அப்படித்தான் எண்ணுகிறீர்களா?

முத்துலட்சுமி என் மனைவி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது அவளும் அங்கே வேலை பார்த்தாள். மம்சாபுரத்தில் விவசாயக் குடும்பம், அய்யனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கிற வீடு. அவளுடைய அப்பா காய்ச்சலில் கிடந்தபோது, "உங்களுக்கு ஜெபம் பண்ணத் தெரியுமாமே, செத்த நேரம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். போனேன், ஜெபித்தேன். அவர் தேறிவிட்டார். காய்ச்சல் இறங்குகிற நாளாக இருந்திருக்கலாம்... ஆனால் முத்து என்னை அன்றைக்குப் பார்த்த பார்வை வேறு.

கல்யாணத்துக்குப் பின் ஒருநாள் அவளே சொன்னாள்: "நீங்க பேசுன தினுசப் பாத்துத்தான், அந்தப் பக்கம் கேக்க ஒருத்தரு இருக்காருன்னு நான் நம்புனேன்."

என் வேஷத்தைப் பார்த்து அவள் மெய்யாகவே நம்பிவிட்டாள்! இதற்கு நான் அழவா, சிரிக்கவா?

நாலு வருஷத்துக்கு முன் அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். ராஜபாளையத்திலேயே ஆபரேஷன். காலையில் அவளைப் பச்சை அங்கி மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். சபையார் நாலைந்து பேர் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். நான் வழக்கம்போல அவள் தலையில் கைவைத்து, தொண்டையைச் செருமினேன். முத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் வேண்டாங்க. மனசுக்குள்ள பண்ணுங்க. எனக்குக் கேக்க வேண்டாம், அவருக்குக் கேட்டாப் போதும்."

கண்களை மூடினேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு வார்த்தைகூட! சத்தம் இல்லாவிட்டால் எனக்கு வார்த்தையும் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வெறுமைக்குள் என்ன வந்து விழுந்தது தெரியுமா? சொல்லக் கூசுகிறது... வீட்டில் மோட்டாரை அணைத்தோமா என்ற சந்தேகம். மாடித் தொட்டி நிரம்பி வழியுமே, பக்கத்து வீட்டுச் சுவர் ஊறிப்போகுமே, அந்த அம்மா சண்டைக்கு வருமே... என் மனைவி கத்திக்குக் கீழே போகப்போகிறாள், நான் தண்ணீர்த் தொட்டியை நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தேன்! தள்ளத் தள்ளத் தொட்டிதான் வந்தது.

"ஆமென்" என்றாள் முத்து. "இப்ப நல்லாருக்கு." அவளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தேன். மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அவள் பிழைத்து வந்தாள். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், நானும்தான் பட்டேன். ஆனால் எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆலயத்தில் சாட்சி சொல்ல நின்றாள். "எங்க வீட்டுக்காரவுக அன்னைக்கு வாய் திறக்காமப் பண்ணுன ஜெபந்தான் என்னைத் திருப்பிக் கொண்டாந்துச்சு" என்றாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மை என்று நினைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் அவள் பாயை விரித்து என்னையும் பக்கத்தில் உட்காரவைக்கிறாள். சத்தமில்லாத ஜெபம்! அவள் உதடுகள் மெல்ல அசையும், சில நாள் சிரிப்பாள், சில நாள் கண்ணீர் வழியும். யாரோடோ பேசுகிறாள் என்பது பார்த்தாலே தெரியும். நான் கண்களை மூடிக்கொண்டு அவள் முடிக்கக் காத்திருப்பேன். எனக்குள்ளும் வெளியே கேட்காத ஜெபம் ஒன்று ஓடுவதாக அவளுக்கு நம்பிக்கை. எனக்கு அவளுக்குள் இருப்பதன்மேல் பொறாமை.

தாங்க முடியாமல் ஒருநாள் எங்கள் போதகரிடம் போனேன். என்னைவிட வயதில் இளையவர், நல்ல மனிதர். "ஐயா, எனக்கு விசுவாசமே இல்லையோன்னு பயமா இருக்கு. நான் ஜெபிக்கிறது எனக்கே பொய்யாத் தெரியுது" என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். "அண்ணே, நீங்களே இப்பிடிச் சொன்னா நாங்கள்லாம் எங்க போறது? இது ஒரு வறட்சிக் காலம், போயிரும்" என்றார். பிறகு கண்களை மூடிக்கொண்டு, "நீங்களே முடிச்சு ஜெபம் பண்ணிருங்க" என்றார்.

பண்ணினேன்! என்ன செய்ய? கண் திறந்தபோது அவர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

சென்ற வாரம் ஸ்கேன் எடுத்தோம். கட்டி திரும்ப வந்திருக்கிறது. இந்தத் தடவை கொஞ்சம் சிக்கல் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வரும் வியாழக்கிழமை ஆபரேஷன்.

ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். அன்றே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். மறுபடியும் அவள் என்னை நம்பிப் படுக்கக் கூடாது. மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்கு தாண்டியதும், "முத்து, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"அன்னைக்கு நான் கண்ண மூடல, தெரியுமா?" என்றாள் அவள். "உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். எம்புட்டுத் தவிப்பு! நெத்தியெல்லாம் வேர்த்துப்போச்சு. எனக்காக ஒரு மனுசன் அம்புட்டுத் தவிச்சா அவரு இரங்காமலா இருப்பாருன்னு நெனச்சேன். பயமே போயிருச்சு." என் கைமேல் கையை வைத்தாள். "வியாழக்கிழமையும் அதே மாதிரிப் பண்ணுங்க. எனக்கு அது போதும்."

தண்ணீர்த் தொட்டி... அது தண்ணீர்த் தொட்டிக்காகப் பட்ட தவிப்பு, முத்து!

சொல்லவில்லை. சொன்னால், கத்திக்குப் போகிறவளின் கையிலிருந்து பிடிகயிற்றைப் பிடுங்கியவன் ஆவேன். சொல்லாவிட்டால், ஒன்றுமில்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் போவாள். இதில் எது பாவம்? எது இரக்கம்? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

அவளுக்காக நான் நம்ப முடியாது என்பதும், எனக்காக அவள் நம்ப முடியாது என்பதும் இப்போது புரிகிறது. அவரவர் வாயால் அவரவர்தான் கூப்பிட வேண்டும். புரிந்து என்ன பயன்? கூப்பிட வரவில்லையே!

இன்று காலையில் ஒரு முயற்சி செய்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள். நான் மாடிக்குப் போய், அதே தொட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அப்பாவைப்போல ஒரு வரி சொன்னால் போதும்... என்னால ஏலாது, நீருதான் பாத்துக்கிடணும். அதைக்கூட மனசுக்குள் சொல்ல வரவில்லை. சரி, வாய் திறந்தாவது சொல்லலாம் என்று திறந்தேன்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே..." என்று வந்தது. ஆலயம் முழுக்கக் கேட்கிற அதே குரல், அதே ஏற்ற இறக்கம். சொந்த மாடியில், ஒருவரும் இல்லாத இடத்தில்! வெட்கம் தாங்காமல் பாதியில் நிறுத்தினேன்.

கீழே அடுப்படியிலிருந்து முத்துவின் குரல் கேட்டது.

"ஆமென்!"