இல்லாத வயித்துவலி

அந்தோணியார்கிட்டயே பொய் சொன்னவ நான். மொதல்ல அதைச் சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்லணும்.

என் தங்கச்சி செலினைக் குஜிலியம்பாறைப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தோம். பிள்ளை பெத்த ரெண்டாம் மாசம் தனக்குத்தானே பேச ஆரம்பிச்சா. தூக்கமே கெடையாது. தன் கை பட்டா பிள்ளை செத்துப்போகும்னு அழுவா. மாப்பிள்ளை வீட்டுல பைத்தியம்னு பேரு வச்சு, பிள்ளையை அங்கேயே நிப்பாட்டிக்கிட்டு, இவளை மட்டும் நாகல் நகர்ல எங்க வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாக. பால் கட்டி நெஞ்சு வலிக்குதுன்னு துடிச்சா. நெனச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு எறங்காது.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கேட்டவுககிட்ட எல்லாம் வயித்துவலின்னு சொன்னேன். எனக்கு ரெண்டு பொண்ணுக. சித்திக்கு மனசு சரியில்லன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? அந்தோணியார் கோயில்ல நாம வேண்டுதல் எழுதிப் போடுற மன்றாட்டுச் சீட்டைச் சத்தமா வாசிப்பாக. அந்தப் பயத்துல, செவ்வாய்க்கிழமை தவறாம "தங்கச்சி வயித்துவலி தீர"ன்னே எழுதிப் போட்டேன். ஒரு வருசமா கோயிலே சேர்ந்து இல்லாத வயித்துவலிக்கு வேண்டுச்சு. தெருவுல ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தாக. பாவி மக, அதையும் மறுக்காம குடிச்சா.

போன தவக்காலத்துல எங்க வீட்டுல அன்பியச் செபம். வீடு வீடா மாறி நடக்குற கூட்டுச் செபம் அது; தெருவுல உள்ள நம்ம வேதக்காரக் குடும்பம் அம்புட்டும் வந்திருந்துச்சு. அவளை உள் ரூம்ல படுக்க வச்சுக் கதவைச் சாத்திட்டேன். வேண்டுதல் சொல்ல என் முறை வந்துச்சு. வழக்கம்போல வயித்துவலியைச் சொன்னேன். கதவைத் தொறந்துக்கிட்டு செலின் வந்து நின்னா.

"அக்கா, எனக்கு வயிறு வலிக்கல. சாகணும்போல இருக்கு. அந்த நெனப்பு போறதுக்கு வேண்டிக்கங்க."

எனக்கு அவமானமாப் போச்சு. செபம் சொல்லிக்கிட்டிருந்த லூர்து அக்காதான் எந்திரிச்சுப் போய் அவளைக் கட்டிப் பிடிச்சாக.

"எங்க வீட்டுக்காரர் சாப்பிடுறது சுகர் மாத்திரை இல்ல தாயி. மனசுக்குத்தான். ஒம்பது வருசமா நானும் மறைக்கிறேன்."

மறுநாள் அவுகளே எங்களைக் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக. பிள்ளைப்பேறுக்குப் பின்னால சிலருக்கு வர்ற நோய்தான், மருந்து இருக்கு, மொதல்லயே வந்திருக்கலாமேன்னு டாக்டரம்மா சொன்னாக.

காணாமப் போனதை அந்தோணியார் கண்டுபிடிச்சுக் குடுப்பாருன்னு சொல்வோம்ல. நான் ஒளிச்சு வச்சதையும் எடுத்துக் குடுத்துட்டாரு.

இப்ப செலின் தூங்குறா. சாப்பிடுறா. பூக்கட்டப் போறா. ஆனா பிள்ளை இன்னும் வரல. மாசம் ஒரு தடவை போய்ப் பாக்குறா, அது இவளைக் கண்டா அழுவுது. அந்த ஒரு வருசத்தைப் பறிச்சது மாப்பிள்ளை வீடு மட்டும் இல்ல, நானுந்தான்.

உங்க வீட்டுலயும் இப்பிடி யாராச்சும் இருந்தா, நோய் பேரைச் சொல்லியே வேண்டுங்க. மாத்திரையும் வாங்கிக் குடுங்க. கடவுள் ரெண்டு வழியாவும் வருவாரு, நான் பாத்துட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை சீட்டை அவளே எழுதுனா. கோயில்ல வாசிச்சாக: "என் மனநோய் முழுசா குணமாகவும், என் பிள்ளை என்கிட்ட வரவும். இப்படிக்கு செலின், நாகல் நகர்."

ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னு எல்லாரும் சொன்னாக. எல்லாருக்கும் முன்னால என் சத்தந்தான் கேட்டுச்சு.