வாக்ஸஹாச்சியில் பார்த்த ஒரே வீடு

1998 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, டெக்சஸில் நாங்கள் குடியிருந்த இர்விங்கிலிருந்து காரில் கிளம்பினோம். டாலஸைத் தாண்டித் தெற்கே முப்பது மைல் போனால் வாக்ஸஹாச்சி. பருத்தியில் பணம் கொழித்த காலத்து மரவீடுகள் அந்தச் சிற்றூரில் தெருத்தெருவாக நிற்கின்றன. கோடையில் சில வீடுகளைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஆளுக்குப் பத்து டாலர். எனக்கு அப்போது ஏழு மாதம். குழந்தை பிறந்துவிட்டால் ஊர் சுற்ற முடியாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்துக் கணவர் செந்திலைக் கிளப்பினேன்.

ஊர் நடுவே கோபுரங்களோடு பழைய நீதிமன்றம். சிவப்பு மணற்கல்லும் இளஞ்சிவப்பு கிரானைட்டும் வெயிலில் தகதகத்தன. தூண்களின் உச்சியில் மனித முகங்களைச் செதுக்கியிருந்தார்கள். சில முகங்கள் அழகு, சில பல்லை இளித்தன. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. வெயிலால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

முதல் வீடு மஞ்சள் வண்ணத்தில் இரண்டு மாடி. கூரை விளிம்பெல்லாம் லேஸ் பின்னியதுபோல மரவேலைப்பாடு. வீட்டுக்காரர் ரூத், எழுபது வயதிருக்கும். வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருக்கையில் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன்; இன்னும் அசைவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு? தலை சுத்துதா?" என்றார் செந்தில்.

"இல்லைங்க. காலைல இருந்து பாப்பா அசையவே இல்ல."

"இவ்ளோ நேரம் ஏன் சொல்லல? எந்திரி, ஹாஸ்பிடல் போயிடலாம்." கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

தமிழ் புரியாவிட்டாலும் என் கை வயிற்றில் இருந்ததை ரூத் பார்த்துவிட்டார். ஆங்கிலத்தில் விசாரித்தார். வீடு பார்க்க வந்திருந்த மற்றவர்களை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, யாரும் நுழையக் கூடாதென்று கயிறு கட்டியிருந்த அறைக்கு என்னை அழைத்துப் போனார். நூறு வருஷத்துக் கட்டில், வெள்ளை விரிப்பு. அழுக்காகிவிடுமே என்று தயங்கினேன்.

"துணிதானே, துவைத்துக்கொள்ளலாம். படு" என்றார்.

செந்திலிடம் போனைக் கொடுத்து, முதலில் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். குளிர்ச்சியாக ஏதாவது குடித்து இடப்பக்கம் படுக்கட்டும், ஒரு மணி நேரத்தில் அசைவு தெரியாவிட்டால் உடனே வாருங்கள் என்றார் போனில் பேசிய நர்ஸ். ரூத் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தார். கட்டில் தலைமாட்டில் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தது. ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

விலா ஓரத்தில் ஓர் உதை. பிறகு இன்னொன்று, பலமாக.

"ஏங்க, உதைக்குது! கைய வைங்க, கைய வைங்க!"

செந்தில் கையை வைத்தார், தலையைக் குனிந்துகொண்டார். ரூத்தின் கையையும் இழுத்து வைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மற்ற வீடுகளைப் பார்க்கவில்லை. அன்று மாலையே டாக்டர் இதயத்துடிப்பைக் கேட்டு, எல்லாம் சரி என்றார். ஆகஸ்டில் மகள் பிறந்தாள்.

அன்று வாக்ஸஹாச்சியிலிருந்து திரும்பும்போது ஃப்ரீவேயில் ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. இர்விங் அபார்ட்மென்டில் இரண்டு வருடமாக இருக்கிறோம். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அந்தக் கதவைத் தட்டி என் பெயரைச் சொன்னேன்.