நெடி தெரியாத வகுப்பு

அன்றைக்கு எங்கள் அடுப்படியில் மூன்று பேர்: கல்லூரியில் வேதியியல் எடுக்கும் என் வீட்டுக்காரர், செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த நான், தரையில் படம் வரைந்துகொண்டிருந்த எங்கள் நாலு வயசுப் பெண். செல்போனுக்குள் அவருடைய மாணவர்கள் பதினொரு பேர். முகம் தெரியாது, கறுப்புக் கட்டங்கள்தான்.

கொரோனா ஊரடங்கில் லேப் பூட்டிக் கிடந்தது. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. எடுத்த மணிக்குத்தான் காசு. அதனால் செய்முறை வகுப்பும் அடுப்படிக்கு வந்துவிட்டது. ராத்திரி தூக்கத்தில்கூட "கேக்குதாப்பா?" என்பார். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி, கவலை மட்டும் எல்லாருக்கும் சேர்த்துப் படுவேன்.

குறுவை நெல்லுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு சிட்டிகை, கொஞ்சம் சுண்ணாம்பு. கரண்டியில் சூடாக்கினார். தெருச் சத்தம் கேட்கக்கூடாதென்று ஜன்னலையும் சாத்தியாயிற்று. அமோனியா நெடி கிளம்பியதும் பெண் இருமிக்கொண்டே கூடத்துக்கு ஓடிவிட்டாள். எனக்கு மூக்கு எரிகிறது. அவரோ கரண்டியை முகத்துக்கு நேரே பிடித்து, நெடி சுருக்கென்று ஏறும் பாருங்கள் என்று நிதானமாகப் பாடம் சொல்கிறார். கண் சிவந்து நீர் கட்டுகிறது, முகத்தைத் திருப்பவே இல்லை.

என் கை ஆடத் தொடங்கியது.

"சார், கேமராமேனுக்குக் குளிர் ஜுரமா?" என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். நான் போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வகுப்பு அறுந்தால் அந்த மணி கணக்கில் வராது.

முடிந்ததும் கேட்டேன். "என்னங்க, வாசனையே தெரியலையா?"

காப்பித்தூள், பெருங்காயம், சோப்பு என்று ஒவ்வொன்றாய் மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத. வாசல்ல தகரம் அடிச்சிடுவாங்க. கிளாஸ் வேற ஆளுக்குப் போயிடும்."

"அடிச்சா அடிக்கட்டும். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சுகாதார நர்சுக்கு நானே போன் போட்டேன். பரிசோதனையில் தொற்று என்று வந்தது. வாசலை அடைத்துத் தகரம் அடித்தார்கள். அவர் உள்ளறையில், நாங்கள் கூடத்தில். ஜுரத்தோடு அங்கிருந்தே பாடம் எடுத்தார். இருமல் வந்தால் போனில் சத்தத்தை அணைத்துவிட்டு இருமுவார். பிள்ளைகளுக்குக் கேட்காது. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

பிழைத்து எழுந்தார். கல்லூரி திறந்ததும் அலுவலகத்தில், தகரத்துக்குள் இருந்த நாளெல்லாம் நோய் விடுப்பு, அந்த மணிகளுக்குப் பணம் வராது என்றார்கள். துறைத்தலைவர், பாடம் நடந்தது உண்மை என்று எழுதிக் கொடுத்தார். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரவேண்டியது ஆறாயிரத்து அறுநூறு ரூபாய்.