மூன்றாவது படத்தில் இருந்த பொம்பிளை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இரண்டாயிரத்துக்குப் பிறகு மொன்றியலில் நடந்த எங்கள் கல்யாணங்களில் நல்ல மணவறை என்று எதைச் சொன்னாலும், அது நான் செய்ததாகத்தான் இருக்கும். ரெஜிபோம் என்ற வெள்ளைத் தக்கையை வெட்டித் தூணும் யானையும் எடுத்துப் பொன்வண்ணம் அடித்துவிட்டால், தட்டிப் பார்க்காமல் அது மரமில்லை என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். இந்தத் தொழிலை எவரிடமும் கற்றதில்லை.

பழைய தையல் தொழிற்சாலையொன்றின் மூன்றாம் மாடியில், கலைஞர்கள் தொழில் நடத்த உதவும் சங்கம் ஒன்று இருந்தது. இலாபம் பார்க்காத சங்கம். இணையப்பக்கம் கட்டக் கொம்பியூட்டரும் தந்து, பக்கத்தில் இருந்து சொல்லியும் தருவார்கள். அங்கே வேலை செய்த பிரெஞ்சுக்காரப் பிள்ளை என்னை 'ஆர்ட்டிஸ்ட்' என்றாள். அதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

ஆட்கள் இல்லாத படங்கள் கேட்டாள். வெறும் மணவறையை எங்கள் சனம் படம் எடுக்காது, அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியானால் படத்தில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்றாள். தலையை ஆட்டினேன். கேட்கவில்லை. என் வேலையைக் காட்ட நான் யாரைக் கேட்பது? பத்துப் படங்களை ஒற்றை விரலால் தட்டி ஏற்றினேன்.

இரண்டு கிழமையில் ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, தம்பிக்குக் கலியாணம். பொம்பிளை மொன்றியல்தான். இன்ரநெற்றிலை உங்கட மணவறையள் பாத்தனான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"மூண்டாவது படத்திலை இருக்கிற பொம்பிளை ஆர்?"

"அதோ? நோத்ர-டாம்-த-கிரேஸிலை இருக்கிற ஆக்கள். அவையின்ர மூத்த மகள். எழுநூறு சனம் வந்தது. என்ர வேலையைப் பாத்து ஐயரே வாயைப் பிளந்தவர்."

"வடிவாத் தெரியுமோ?"

"தாலி கட்டேக்கை பக்கத்திலை நிண்டனான் தங்கச்சி!"

தொலைபேசி துண்டிக்கப்பட்டது. லைன் பிழை என்று நினைத்து, அவள் திரும்ப எடுப்பாள் என்று காத்திருந்தேன்.

மறுநாள், மூன்றாவது படத்தில் இருந்த பெண்ணின் தகப்பன் நான் வேலை செய்யும் நிலவறைக்கு வந்தான். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அண்ணை, அந்தக் கலியாணம் மூண்டு மாசத்திலை முறிஞ்சது. ஆருக்கும் தெரியாமல் மூடி வைச்சுத்தான் இந்த ரொறன்ரோச் சம்பந்தத்தைப் பேசினனான். நீங்கள் கடை விரிச்சு வைச்சிருக்கிறியள்."

"முறிஞ்சது எனக்குத் தெரியாது தம்பி."

"தெரியாட்டி வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ? தாலி கட்டினதுக்குச் சாட்சியும் சொல்லியிருக்கிறியள். அவையள் வேண்டாமெண்டிட்டினம்."

என் வாய்தான் என்னை இந்த ஊரில் ஆளாக்கியது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அன்று அந்த வாயால், படத்தை அழித்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

விடிந்ததும் சங்கத்துக்கு ஓடினேன். பிரெஞ்சுக்காரப் பிள்ளை ஒரு நிமிடத்தில் படத்தை அழித்துவிட்டாள். ஒரே ஒரு நிமிடம்! அங்கிருந்தே அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள்தான் பேசினாள்.

"பிள்ளை, படத்தை அழிச்சுப்போட்டன்."

"ஓம் மாமா. அப்பா சொல்லவேண்டாமெண்டவர். என்னைக் கட்ட இருந்தவருக்கு நானே சொல்லுறதெண்டுதான் இருந்தனான். சனிக்கிழமை இஞ்ச வாறதெண்டவர். என்ர வாயாலை சொன்னால் விளங்கிக்கொள்ளுவார் எண்டு நினைச்சனான்."

"இப்ப போன் எடுத்துச் சொல்லன் பிள்ளை."

"நேற்றிலை இருந்து எடுக்கிறன் மாமா. அவர் போன் தூக்கிறார் இல்லை."