மதினியிடம் கேட்காத கேள்விகள்

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாக்டரம்மா முதலில் எங்கள் கண்களைப் பற்றித்தான் கேட்டார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளை வெளிச்சத்தில் கண் கெடுகிறது, பாதம் வெடிக்கிறது, அதைத்தான் ஆய்வு செய்யப்போகிறோம் என்றார். ஆனால் கேள்விகளை நீங்களும் சேர்ந்துதான் எழுத வேண்டும், வீடு வீடாகப் போய்க் கேட்பதும் உங்கள் ஊர்க்காரர்களாகவே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எங்களுக்கு அது புதிதாக இருந்தது. அதற்கு முன் வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனதோடு சரி. என்ன எழுதினோம் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் யாருமில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்ததால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொருத்தி என் மதினி, என் கணவரின் அக்கா. அவளுக்கு எழுதத் தெரியாது. ஆனால் அவளிடம் மனம்விட்டுப் பேசாத பெண் எங்கள் தெருவில் இல்லை. ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய அளத்தில் நாங்கள் இருவரும் பத்து வருஷமாக ஒன்றாக உப்பு வாரிக்கொண்டிருந்தோம்.

முதல் கூட்டம் புயல் காப்பகத்துக் கூடத்தில் நடந்தது. தரையில் பெரிய தாளை விரித்து மதினியை அதில் படுக்கச் சொன்னார் டாக்டரம்மா. நான் அவள் உடம்பைச் சுற்றி மையால் கோடு போட்டேன். "செத்தவள அளக்குற மாதிரி அளக்குறாளே" என்று மதினி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவள் எழுந்த பிறகு, யாருக்கு எங்கே வலியோ அங்கே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்ட வேண்டும். கண்ணிலும் பாதத்திலும் விரல்களிலும் பொட்டுகள் சேர்ந்தன. ஊர்த் தலைவரும் அளத்துக் கங்காணியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் மதினி கதவைச் சாத்தினாள். ஒரு பொட்டை எடுத்துத் தாளில் அடிவயிற்றுக்குக் கீழே ஒட்டினாள்.

"நாஞ் சொல்றேன். ஒன்னுக்குப் போனா எரியுது. ஒங்களுக்கெல்லாம் எரியலையா? வாயத் தொறந்து சொல்லுங்கத்தா."

ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். அந்த இடத்தில் பொட்டின் மேல் பொட்டாக ஒட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் இடமே இல்லை.

டாக்டரம்மா காரணம் கேட்டார். அளத்தில் ஒரு செடிகூடக் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தான். ஒருத்தி குத்தவைத்தால் அரை மைலுக்கு அப்பாலிருந்தும் தெரியும். அதனால் விடியுமுன் வீட்டில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால், மத்தியானம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வோம். தண்ணீர் குடித்தால் முட்டும் என்று, அந்த வெயிலிலும் குடிக்காமல் இருப்போம். "இது நாங்கள் எழுதி வந்த கேள்விகளில் இல்லை" என்றார் டாக்டரம்மா. அன்றே கேள்வித்தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம்.

மதினி கேட்பாள், நான் எழுதுவேன். எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறாய், எவ்வளவு நேரம் அடக்குகிறாய், எரிகிறதா, ரத்தம் வருகிறதா. கடைசிக் கேள்வியை மட்டும் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்பாள். சில பெண்கள் பதில் சொல்லாமல் அழுவார்கள். மதினி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

துணை சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை நடந்த அன்று வரிசையைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். நான் ஒரு டப்பாவை அவளிடம் நீட்டினேன்.

"மொதல்ல ஊர்ச்சனம் முடிக்கட்டும். நா நாளைக்குக் குடுக்குறேன்."

மறுநாள் வேலை இருந்தது. நான் மறந்துபோனேன். மறந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. எல்லாருக்கும் இருக்கிற எரிச்சல்தான் அவளுக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். எத்தனையோ வீடுகளில் கேட்ட கேள்விகளை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் நான் கேட்கவே இல்லை.

நிறையப் பேருக்குத் தொற்று இருப்பதாக முடிவு வந்தது. அதற்குள் கங்காணிக்கு விஷயம் எட்டி, "சீக்காளிகளுக்கு இங்கன வேலை இல்ல" என்று சொல்லிவிட்டார். இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்து தங்கள் தாளைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். அதில் பேர் இல்லை, எண்தான் இருக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. அதன் பிறகு எங்களைக் கண்டால் சிலர் கதவைச் சாத்தினார்கள்.

ஆடி மாதம் மதினியின் முகம் வீங்கியது. காலில் மெட்டி இறுகி, வெட்டித்தான் எடுத்தோம். ராமநாதபுரத்தில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். டயாலிசிஸ் வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"எத்தன நாளா ரத்தம் வருது மதினி?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எரியுறது எல்லாத்துக்கும் உள்ளதுதான். கேக்குற ஆளுக்கே ரத்தம் வருதுன்னா, இவ தனக்காகத்தான் ஊரக் கூட்டுறான்னு சொல்லிருவாக. அப்புறம் எவ வாயத் தொறப்பா? அளத்துலயும் வேல போயிரும்."

சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐப்பசியில் இறந்துபோனாள்.

அறிக்கையில் அவளைப் பற்றி எழுதலாமா என்று டாக்டரம்மா போனில் கேட்டார். பரமக்குடியில் இருக்கும் அவள் மகளிடம் விசாரித்தேன். "எங்கம்மா ஒன்னுக்குப் போனதையா புஸ்தகத்துல போடப்போறீக? வேண்டாம் அத்தை" என்றாள். அதனால் எழுதவில்லை. ராமநாதபுரத்தில் அதிகாரிகள் முன்னால் அறிக்கையை நான்தான் வாசித்தேன். ரத்தம் வருகிறது என்று சொன்னவர்களின் எண்ணிக்கையைப் படித்தபோது, ஒன்று குறைகிறது என்பது அந்த அறையில் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்று மாதம் கழித்து அளத்தின் ஓரத்தில் தகரத்தால் இரண்டு கழிப்பறைகள் கட்டினார்கள். ஒன்றில் பம்பு செட்டுச் சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். இன்னொன்றுக்கு இத்தனை பெண்களும் வரிசையில் நிற்கிறோம். தூரத்துப் பாத்திகளில் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் இன்னமும் தண்ணீர் குடிப்பதில்லை.

இந்த வருஷம் இரண்டாம் சுற்று தொடங்கியிருக்கிறது. என்னுடன் வருபவள் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். முதல் வீட்டுக்குக் கிளம்புமுன் அவளை உட்காரவைத்து எல்லாக் கேள்விகளையும் கேட்டேன். பிறகு தாளை அவளிடம் கொடுத்து என்னைக் கேட்கச் சொன்னேன். எரிகிறதா என்று கேட்டாள். ஆமாம், எழுதிக்கொள் என்றேன்.