உப்பேறிய துணிகள்

எங்கள் வீட்டில் அம்மா ஒரு துணியைக் குப்பையில் போட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவின் சட்டை இனி உடுத்த முடியாது என்றானதும் பட்டன்களை அறுத்து பவுடர் டப்பாவில் போட்டுக்கொள்வார். முதுகுப் பக்கம் தலையணை உறையாகும். கைகள் இரண்டும் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணியாகும். மிச்சமிருக்கும் துண்டுகளை அடுக்கி, மேலே ஒரு பழஞ்சேலையைப் போர்த்தித் தைத்தால் படுத்துக்கொள்ள மெத்தை.

சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தை ஒட்டி இருந்த எங்கள் தெருவில் பெரும்பாலும் எல்லாரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போவார்கள். வெடிமருந்து பட்டுப் பட்டு அந்தச் சட்டைகள் சீக்கிரம் இற்றுவிடும். அவற்றையெல்லாம் அம்மாவிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மாவிடம் ஒரு பழைய தையல் மெஷின் இருந்தது. யார் துணி கொடுத்தாலும் அவர்களுக்கு ஏதாவது ஒன்றாகத் திரும்பிப் போகும். மிச்சம் அடுத்த வீட்டுக்கு. இதற்கு யாரும் கூலி கேட்டதுமில்லை, கொடுத்ததுமில்லை. மதியம் ஓய்வாக இருக்கிறவர் வந்து ஊசி கோத்துக் கொடுப்பார். யாராவது ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைப்பார். பிரஸ்ஸில் வேலை பார்த்த ஒருவர், கலர் விலகிப்போன காலண்டர் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். என் பள்ளிப் புத்தகங்களுக்கெல்லாம் அதுதான் அட்டை. என் கணக்குப் புத்தகத்தின் மேலே லட்சுமிக்கு இரண்டு வாய் இருந்தது.

அப்பா திரி போடும் வேலையில் இருந்தார். நூலை மருந்தில் தோய்த்து, பட்டாசில் பற்றவைக்கும் திரியாக்கும் இடம். கம்பெனித் தாள், குழாய்த் துண்டு எதுவும் எங்கள் வீட்டு அடுப்புக்குள் போகக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். துணியைப் பற்றி மட்டும் அவருக்கும் தோன்றியிருக்கவில்லை. துவைத்துவிடுகிறோமே என்பதுதான் எல்லாருடைய நினைப்பும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் மழை சரியாகப் பெய்யவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் குடங்கள் வரிசையில் நிற்கும், சண்டை நடக்கும். அம்மா தண்ணீரையும் துணியைப் போலத்தான் பார்த்தார். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் ஊறும். துணி துவைக்க ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் எடுத்தால், முதலில் என் பள்ளிக்கூட உடுப்பு, அடுத்து அப்பாவின் வேலைத்துணி, அதே தண்ணீரில் தெருவிலிருந்து வந்த பழந்துணிகள். கடைசியில் சாம்பல் நிறத்தில் கெட்டியாகக் கிடக்கும் தண்ணீரைக் கொல்லை முருங்கைக்கு ஊற்றுவார். அலசுவதற்கென்று தனியாகத் தண்ணீர் கிடையாது. பிழிந்து கொடியில் போட்டுவிடுவார். அந்த வறட்சியிலும் எங்கள் முருங்கை மட்டும் கறுகறுவென்று தழைத்தது. கீரை தெருவுக்கே போனது.

நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா வீட்டில் இருந்தார். விறகடுப்பில் சோற்றுப்பானை கொதித்து முடிந்திருந்தது. கஞ்சி வடிக்க, இரண்டு கையிலும் கரித்துணியைப் பிடித்துக்கொண்டு அம்மா பானையைத் தூக்கினார். வலது கைத் துணியின் ஓரம் ஒரு கங்கில் பட்டது.

சாதாரணமாகத் துணியில் கங்கு பட்டால் ஒரு ஓட்டை விழும், புகையும், கையால் கசக்கினால் அணைந்துவிடும். இது அப்படியில்லை. சுர்ர்ரென்று ஒரு சத்தம். ஊதா கலந்த வெளிச்சம் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி அம்மாவின் உள்ளங்கைக்குள் போனது. அம்மா பானையைப் போட்டுவிட்டார். சோறும் கஞ்சியும் தரையெல்லாம் ஓடின. நான் குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். துணி ஏற்கெனவே சாம்பலாகியிருந்தது.

அப்பா ஓடிவந்து அம்மாவின் கையைத் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு இடது கையில் இருந்த இன்னொரு கரித்துணியைக் கேட்டு வாங்கி, முற்றத்துக்குக் கொண்டுபோய், ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். நூல் சீறிக்கொண்டு எரிந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதை எந்தத் தண்ணியில முக்குன?"

"வேலைத்துணி ஊறுன தண்ணிதான். ஏன்?"

"அதுல அம்புட்டும் வெடியுப்பு. துணியில இருந்தது தண்ணிக்கு வந்து, தண்ணியில இருந்தது திரும்பத் துணிக்கே போயிருக்கு. நாங்க அங்கன நூல வச்சுச் செய்யிறத நீ இங்கன துணிய வச்சுச் செஞ்சிருக்க. எல்லாத்தையும் இப்பிடித்தான் துவைச்சியா?"

அம்மாவின் முகம் கறுத்துப்போனது. அது வலியால் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. தெருவில் எத்தனை வீட்டு அடுப்படியில் அவர் தைத்த கரித்துணி தொங்குகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்தார்.

"பிள்ளைக்கு ஒரு மெத்தை தச்சுக் குடுத்தேனே."

எதிர்வீட்டு அத்தையின் மகள் எங்கள் தெருவில்தான் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஐந்து மாதத்தில் குழந்தையோடு சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்துக்குப் புகுந்த வீடு போனாள். போகும்போது அம்மா குழந்தைக்கு ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொடுத்திருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டி, நெருப்புச் சட்டியில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டாத வீடு எங்கள் பக்கம் கிடையாது.

அம்மா தெருவில் கொடுத்ததையெல்லாம் தான் வாங்கிவருவதாக அப்பா சொன்னார். அம்மாவும் நானும் எதிர்வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். அத்தை வெளிறிப்போனார். ஆனால் அவர் பயம் வேறாக இருந்தது.

"ஏற்கெனவே சீர் கொறைஞ்சு போச்சுன்னு குத்திக்கிட்டுருக்காக. குடுத்த மெத்தையவும் போயித் திருப்பிக் கேட்டா எம்மக அந்த வீட்டுல எப்பிடி இருப்பா? சும்மா இருங்க மதினி. ஒண்ணும் ஆகாது."

"ஆயிட்டா?"

"நீங்க போனீகன்னா இனிமே எங்கூடப் பேசாதீக."

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு டாக்டரிடம் கைக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு, சிவகாசியில் பஸ் ஏறி, சாத்தூரில் மாறி அச்சங்குளம் போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

அந்த வீட்டில் மாமியார் வாசலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க. கையில என்ன கட்டு? சாப்பிட்டீகளா?" என்று எழுந்தார். உள்ளே எதிர்வீட்டு அக்கா குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மண்சட்டியில் நெருப்பு தயாராக இருந்தது. மெத்தை, குழந்தை நனைத்துவிட்டதால், முற்றத்துச் சுவரில் கிடந்து காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தார்.

"புது மெத்தை எடுத்துக் குடுக்க வழியில்லாம பழந்துணியத் தச்சுக் குடுத்தாக. சரின்னு வாங்கிக்கிட்டோம். இப்ப அதையும் கேட்டு ஆள் வந்தாச்சா?"

"அவுக அனுப்பல. நானாத்தான் வந்தேன். போவேண்டாம்னுதான் சொன்னாக."

"இத்தன நாளு பிள்ளை இதுலதான் தூங்குறா. ஒண்ணும் பத்தலையே."

அம்மா கத்தரிக்கோல் கேட்டார். மெத்தையின் மேல்துணியில் ஒரு துண்டு வெட்டி, முற்றத்து அடுப்பில் கிடந்த கங்கில் போட்டார். அது சோம்பலாகப் புகைந்து, மெல்லக் கருகியது. மாமியார் சிரித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரத்தில் எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. பேசாமல் கிளம்பிவிடலாம் என்று அவர் முந்தானையை இழுத்தேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையால் மெத்தையை அழுத்திக்கொண்டு, இடது கையால் தையலைப் பிரித்தார். மேலே இருந்தது வீட்டுச் சேலை. உள்ளே மடிப்பு மடிப்பாக வேலைச் சட்டைகள். அதில் சாம்பல் நிறமாக இருந்த ஒன்றிலிருந்து விரல் அகலத்துக்குக் கிழித்து, தள்ளி நின்று, குச்சியால் கங்கின் மேல் வைத்தார்.

சுர்ரென்று போனது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்றுமில்லை. மருந்து வாடை மட்டும் முற்றத்தில் நின்றது. பட்டாசு வேலைக்குப் போகிற யாருக்கும் அந்த வாடையைச் சொல்லித்தரத் தேவையில்லை.

அக்கா குழந்தையை அள்ளிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றாள். மாமியார் உள்ளே போய்ச் சாம்பிராணிச் சட்டியை எடுத்து வந்து வாசலுக்கு வெளியே வைத்தார். திரும்பி வந்தவர் உத்தரத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அங்கே தொட்டில் தொங்கியது. பழைய பருத்திச் சேலையில் கட்டியது.

"இது நான் பட்டாசு வேலைக்குக் கட்டிக்கிட்டுப் போன சேலை" என்றார். "இதையும் அப்பிடித்தான் துவைச்சேன். இங்கன மட்டும் தண்ணி கெடக்கா?"

ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. நான் தொட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மெத்தையை நாங்கள் எப்படிக் கொண்டுபோவது என்று அடுத்த கவலை. பஸ்ஸில் யாராவது பீடி குடித்துப் போட்டால்? அம்மா தயங்கித் தயங்கி ஒரு குடம் தண்ணீர் கேட்டார். அந்த வீட்டில் இரண்டு குடம்தான் நிறைந்திருந்தது. மாமியார் ஒன்றை எடுத்து வந்து, மெத்தையின் மேலேயும் தொட்டில் சேலையின் மேலேயும் முழுதாக ஊற்றினார். ஒரு சாக்கில் திணித்துக் கட்டினோம். கிளம்பும்போது, "வீட்டு ஆம்பளைகளுக்கு இது தெரிய வேணாம். நான் பாத்துக்கிடுதேன். அவ அம்மாகிட்டச் சொல்லுங்க, இதுக்காக அவள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகன்னு" என்றார்.

பஸ்ஸில் சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கண்டக்டர் சத்தம்போட்டார். அம்மா அதைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பின்னால் ஒரு குழி வெட்டிவைத்திருந்தார். சில வீடுகளில் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். சிலர் நம்பவில்லையாம். ஒருவர், "மூணு வருசமா அதுலதான் சட்டி எறக்குதேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். கிடைத்ததையெல்லாம் நனைத்துக் குழியில் போட்டு மூடினோம். அம்மா இரண்டு மூன்று வருடங்களாகத் தைத்தது. மண்ணைத் தள்ளும்போது அவர் அழவில்லை. அன்று சாப்பிடவுமில்லை.

அத்தையிடம் மாமியார் சொன்னதைச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் யாரும் அம்மாவைக் குறை சொல்லிவிடவில்லை. ஆனால் பழந்துணி கொண்டுவருவதும் நின்றுபோனது, குழம்புக் கிண்ணம் வருவதும் நின்றுபோனது. முருங்கைக் கீரையைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, நாங்கள் போனதும் ஆட்டுக்குப் போட்டார்கள். பிறகு அம்மாவே அதைப் பறிப்பதை நிறுத்திவிட்டார். அது தின்னத் தகுமா தகாதா என்று எங்களுக்குச் சொல்ல யாருமில்லை.

மெஷின் மேல் துணி போட்டு மூடிக் கிடந்தது. அம்மாவின் கை ஆறியது. ஆனால் அப்பா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டுவிட்டார்.

"துணிய மண்ணப் போட்டு மூடிட்டோம். நீங்க அதே துணியப் போட்டுக்கிட்டுத்தான அங்கன நிக்கீக?"

அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அங்கன நெருப்பு கெடையாது" என்றார். பிறகு, "வேற எங்க போகச் சொல்லுத?" என்றார்.

அதற்குப் பிறகு அப்பாவின் வேலைத்துணிக்குத் தனிச் சட்டி வந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அதற்கு இரண்டு முறை நல்ல தண்ணீர் ஊற்றி அலசினார் அம்மா. அந்தத் தண்ணீரைத் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டினார். ஒரு வருடத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, தன் கல்யாணச் சேலை ஒன்று இற்றுப்போனதாகவும் மெத்தை தைக்க முடியுமா என்றும் கேட்டு வந்தாள். அம்மா அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முற்றத்துக்குப் போய்த் தீக்குச்சி கிழித்தார். அது கருகிச் சுருண்டது. இன்னும் ஒரு நூல் உருவினார். அந்தப் பெண் பொறுமையாக நின்றாள். அதற்குப் பிறகுதான் மெஷின் மேலிருந்த துணியை எடுத்தார்.

அப்பா இன்னும் பல வருடம் அந்த வேலைக்கே போனார். அவருடைய சட்டைகள் கிழிந்தால் அம்மா பட்டனைக்கூட அறுக்க மாட்டார். நனைத்து அப்படியே புதைத்துவிடுவார்.